ராயப்பன்பட்டியில் பாதி நன்மை

ஒன்பது வருடமாக நான் நன்மை வாங்கவில்லை. பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை எங்கள் பக்கம் நன்மை என்றுதான் சொல்வோம். ஊர்த் திருவிழாவில் சப்பரத்தின் முன்கம்பு யார் தோளுக்கு என்று நானும் தம்பி சூசையும் மல்லுக்கு நின்றோம். அன்றோடு பேச்சு அற்றுப்போனது. பூசையில் எல்லோரும் வரிசைக்கு எழும்போது நான் பெஞ்சிலேயே இருந்துவிடுவேன்.

போன சனிக்கிழமை, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார், "முதல்ல தம்பியப் பாருங்க, அப்புறம் நன்மை வாங்குங்க" என்றார். தம்பி ராயப்பன்பட்டியில் பக்கவாதத்தில் படுத்திருக்கிறான். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகள் வீட்டுக்கே நன்மை கொண்டுபோவார்கள். நானும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த வெள்ளியே கிளம்பினேன்.

தேனியில் காலை ஐந்தரைக்குக் கம்பம் பஸ். எனக்குப் படிக்கத் தெரியாது (இதையும் போனில் பேசித்தான் எழுத்தாக்குகிறேன்). கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறினேன். உத்தமபாளையத்துக்கு ஒரு மணி நேரம். திரும்பிவிடலாமா என்று வீரபாண்டியில் ஒரு தடவை எழுந்தேன், சின்னமனூரில் ஒரு தடவை.

உத்தமபாளையத்தில் இறங்கியதும் டீ குடித்தேன். கடைசி மடக்கில்தான் உறைத்தது: நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே வெறும் வயிறாக இருக்க வேண்டும்.

"மெதுவாப் போப்பா" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"எல்லாரும் வெரசாப் போகச் சொல்வாக. ஒங்களுக்கு என்னய்யா?"

"டீ குடிச்சிட்டேன். நன்மை வாங்க ஒரு மணி நேரம் ஆகணும்."

"அப்ப நடந்து போங்க, சரியா இருக்கும்!"

ஏழு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டார்.

தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "அண்ணன் வந்திருக்காக" என்றாள் அவன் மனைவி.

"முன்கம்பு இங்கன இல்லைன்னு சொல்லு."

எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அதற்குள் அந்த ஊர்ச் சாமியார் வந்துவிட்டார். வாய் தானாகத் திறந்தது. "ஏலே சூசை, அன்னைக்கு ஒன்னையத் தள்ளிவிட்டது நாந்தான். மன்னிச்சிருடா."

சாமியார் சிமிழைத் திறந்தார். உள்ளே ஒரே ஓர் அப்பம். "ஒருத்தருக்குத்தான் கொண்டுவந்தேன்" என்று என்னைப் பார்த்தார்.

"எனக்கு வேண்டாம் சாமி. டீ வேற குடிச்சிட்டேன்."

"வயசானவங்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்தச் சட்டம் இல்லய்யா."

தம்பி சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "ஒடைச்சுக் குடுங்க, சாமி."

உடைத்தார். துணுக்கிலும் ஆண்டவர் முழுசாக இருக்கிறார் என்று சின்ன வயதில் கோயிலில் வாயால் சொல்லிக் கொடுத்தது அப்படியே ஞாபகம் இருக்கிறது. நன்மை வாங்குவது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் உள்ள விஷயம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். தம்பியின் பங்கிலிருந்து வாங்கிய பிறகுதான் வேறு மாதிரி தெரிகிறது.

சாமியார் போனதும் நானும் எழுந்தேன்.

"ஒம்போது வருஷம் கழிச்சு ஏலேன்னு கூப்பிட்டுட்டு, சாப்பிடாமப் போறாகளாம்" என்றான் தம்பி, மனைவியிடம். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

இப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் எத்தனை பேர் நன்மை வாங்குவீர்கள் என்று முந்தின நாளே கோயிலில் சொல்லிவிடுங்கள். ராயப்பன்பட்டியிலிருந்து காலையில் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் சாயங்காலம்தான் கிளம்பினேன்.