துணிக்குப் பின்னால் நேரான எழுத்து

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை மட்டும் பிழையில்லாமல் எழுதிவிடுகிறேன்: மூன்று வருடத்துக்கு முன் மலாயா சுதந்திர ஊர்வலப் படத்தை இடவலம் மாற்றிக் காட்டியது மணியம் அண்ணனின் பழைய மிசின் அல்ல. நான்தான். வேண்டுமென்றே செய்தேன்!

அது பேசாத படக் காலத்து மிசின். மூடிப்போன கொட்டகையிலிருந்து அண்ணன் வாங்கி வந்தது. நான் அவருக்குக் கையாள். கஜா பேராங் திடலில் படம் காட்ட நாங்கள் கட்டும் துணி சிறியது. அந்த மிசினின் படமோ பெரியது. முகம் துணியில் விழுந்தால் கால்கள் வாழைமரத்தில் விழும். அண்ணன் வேறொரு சின்ன லென்சுக் கண்ணாடியைத் தேடிப் பிடித்து, பால் டின்னை வெட்டிக் குழாயாக்கி, அதற்குள் பொருத்தினார். அறுந்த வாருக்குப் பதில் தையல் மிசின் வாரைப் பூட்டினார். படம் நடுங்கியது. வாரை இழுத்துக் கட்டினார். மங்கியது. குழாயை நகர்த்தினார். ஒருநாள் சாயங்காலம் படம் துணிக்குள் அடங்கி அசையாமல் நின்றதே... அண்ணன் என் தலையை இரு கைகளாலும் பிடித்து ஆட்டினார். இருவரும் பைத்தியம்போல் சிரித்தோம்.

கிட்டத்தில் இருப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் படச்சுருளை மாட்டும் வேலையை என்னிடமே விட்டிருந்தார். “உன் கை தப்பாது மாரி” என்பார்.

அந்த ஊர்வலத்தை ஆள் வைத்துப் படம் எடுத்தவர் விழாக்குழுத் தலைவர். போட்டோ பிடிக்கும் கடை வைத்திருந்தவர். புதுக் கொட்டகை ஒன்றும் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை நாங்கள் திடலில் காட்டுவது நல்லபடி நடந்தால் அங்கே மிசின் ஓட்டும் வேலை அண்ணனுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அண்ணன் அந்த வேலைக்காக ஒரு வெள்ளைச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார்!

இப்போது லெட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகாய் மில்லில் வேலை செய்தவள். நான் நாற்பதை நெருங்கியும் பெண்களிடம் நிமிர்ந்து பேசத் தெரியாதவன். அவளோ யாரிடமும் பேசுவாள்.

திடலில் துணிக்கு முன்னால் நாற்காலிகள். குழுக்காரர்களும் நன்கொடை கொடுத்தவர்களும் அங்கே. மில்லுப் பெண்களும் மற்றவர்களும் துணிக்குப் பின்னால் பாய் விரிப்பார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான் வழக்கம். பின்னாலிருந்தும் படம் தெரியும். எழுத்துதான் திரும்பித் தெரியும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதனால் என்ன நட்டம்?

லெட்சுமி அப்போதுதான் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். காட்சிக்கு முன்பு துணிக் கம்பத்தருகே வந்து என்னிடம் சொன்னாள்:

“நான் படிச்சதெல்லாம் பின்னால உக்காந்தா செல்லாது போல. எழுத்தெல்லாம் முதுகு காட்டிக்கிட்டில்ல நிக்கிது.”

முன்னால் வந்து உட்கார் என்று ஓர் ஆண்பிள்ளை சொல்லியிருக்கலாம். என் வாயில் வரவில்லை. கைதான் பேசியது... பேசாத படச் சுருளில் இரு ஓரமும் துளை இருக்கும். எப்படியும் மாட்டலாம். நான் புரட்டி மாட்டினேன்.

விளக்கு எரிந்தது. லேசாக மங்கியது. அண்ணன் குழாயைத் தொட்டுச் சரிசெய்தார். துணியில் முதல் எழுத்துகள் விழுந்தன. பின்பக்கத்திலிருந்து லெட்சுமியின் குரல்: “ந... ம்... ம... நம்ம... ஊரு.” அடுத்த வரிக்கு இன்னொருத்தி சேர்ந்தாள். அதற்கடுத்ததற்கு வகுப்பே சேர்ந்தது. தெங்கேராத் தெருவிலிருந்து ஊர்வலம் வந்தது; தெரிந்த முகம் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கூவினார்கள். என்ன ஆனந்தம் அது! அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

முன்பக்கம்? தலைவர் படத்தில் இடது கையால் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

“என்னா லா தலைவரே, வெள்ளக்காரன் போனதும் கையும் மாறிப் போச்சா?” என்று நாற்காலியிலிருந்து ஒருவர் கேட்டார். அத்தனை நாற்காலிகளும் குலுங்கின. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணன் என் காதருகே குனிந்தார். “திருப்பி மாட்டிட்டியா?”

“இல்லண்ணே. சரியாத்தான் மாட்டினேன்.”

அவர் என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். நிறுத்தப் போன கையை, பின்பக்கம் எழுந்த கூச்சலைக் கேட்டு, எடுத்துவிட்டார். படம் முடியும்வரை ஓடியது.

தலைவர் வந்து, மாட்டியது யார் என்று கேட்டார். அண்ணன், “மிசின் என்னோடது. பழசு. தப்பு என்னோடதுதான்” என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை...

வேலை வேறொருவருக்குப் போனது. கெட்ட சகுனம் என்று தலைவர் அந்தச் சுருளையும் அண்ணனிடமே விட்டுவிட்டார். அண்ணன் இன்று புக்கிட் பாருவில் சைக்கிள் கடையில் டியூப் ஒட்டுகிறார். வெள்ளைச் சட்டையை என் கல்யாணத்துக்குப் போட்டு வந்தார். ஆமாம், லெட்சுமியைத்தான் கட்டிக்கொண்டேன். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது, என்ன செய்ய! துணியே அன்று தன் பக்கம் திரும்பிப் பார்த்ததாக அவள் ஊரெல்லாம் சொல்வாள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பார்.

அவர் என் சொல்லை நம்பினாரா? இல்லை, தெரிந்தேதான் என்னைக் காப்பாற்றினாரா? எது அதிகம் சுடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்லுங்களேன்... வேண்டாம், சொல்லாதீர்கள்.

இன்று சுதந்திர நாளுக்கு அதே படத்தை என் வீட்டு வாசலில் போடுகிறோம். இதை அந்த மிசின் பெட்டியின்மேல் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். லெட்சுமி துணிக்கு முன்னால், நட்டநடுவில் பாய் விரித்திருக்கிறாள். எங்கள் மகள் அதில் உருள்கிறாள். அண்ணன் கயிறு கட்டி முடித்துவிட்டார்.

“மாரி, வா. நீயே மாட்டு. உன் கை தப்பாது” என்று கூப்பிடுகிறார்.

நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கஜா பேராங், மலாக்கா
31 ஆகஸ்டு 1960