பீடி இருந்தால் உட்காரலாம்

பீடியை விடச் சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: நம்மைக் கண்டதும் பீடி முதுகுக்குப் பின்னால் போகும், நாம் நகர்ந்ததும் முன்னால் வந்துவிடும். எழுபதுகளில் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்ட ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை. விலங்கியல் படித்த பெண் என்பதால் தோட்டத்தில் எல்லோருக்கும் நான் டீச்சர். நாலு பேர் பார்த்தால் குரல் எழும்பாது.

வகுப்பு

மருத்துவ மாணவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஏலக்கன்று நடக் குழி வெட்டும் யேசுதாஸை பெஞ்சில் உட்காரவைத்து, கறுத்துப்போன இரண்டு கால்விரல்களைக் காட்டினேன். பீடியால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. இப்போதே விட்டால் கால் தப்பும், இல்லையென்றால் வெட்ட வேண்டிவரும் என்று முணுமுணுத்தேன். மாணவர்கள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் சிகரெட்டோடு நின்ற அவர்களுடைய பேராசிரியரைப் பார்த்தார்கள். யேசுதாஸும் பார்த்தார்.

"பெரிய டாக்டரு பூட்ஸைக் கழட்டச் சொல்லுங்க டீச்சர், அவருக்கு விரலு இருக்கான்னு பாப்போம்."

அட்டை

ஆனாலும் யேசுதாஸ் விட்டுவிட்டார். நம்புங்கள், நம் தொழிலிலும் இப்படி நடப்பதுண்டு. மிச்சமிருந்த பீடிகளை அவர் மனைவி மரியம்மா பிரித்து, தூளை முந்தானையில் முடிந்துகொண்டு களையெடுக்கப் போனாள். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டைக்கு அதுதான் மருந்து.

"இத்தனூண்டு அட்டை, தூளு பட்டதும் விட்டுருது டீச்சர். இந்த மனுசனுக்கு ரெண்டு விரலு கறுக்க வேண்டியிருந்துச்சு."

மழை

தோட்டத்தில் ஒரு வழக்கம். வேலைக்கு நடுவே பீடி பற்றவைப்பவன் அது தீரும்வரை உட்காரலாம். பீடி இல்லாதவன் உட்கார்ந்தால் சோம்பேறி. வலி தாங்காமல் யேசுதாஸ் வெறுங்கையோடு உட்கார்ந்ததும் கங்காணி எழுப்பிவிட்டார். "பீடி இல்லாதவனுக்கு என்னடா உக்கார்ற வேலை?" என்றாராம்.

கேட்டே தீருவது என்று குடையோடு போனேன். கங்காணியோடு மூன்று ஆண்கள் நின்றிருந்தார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வேறு வாக்கியம். மழை விடுமா என்று கேட்டேன்.

"எங்க விடுது டீச்சர், காலை நனைச்சுக்காமப் போங்க."

என் யோசனை

பற்றவைக்காத பீடியை வாயில் வைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று யேசுதாஸிடம் சொன்னேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து ஒரு நாள் முழுக்க மகிழ்ந்தும் இருந்தேன். மறுநாள் கங்காணி, "புகை எங்கடா?" என்று கேட்டு, தன் தீப்பெட்டியையே நீட்டியிருக்கிறார். அந்த வாரக் கடைசியில் ஏலச்செடிகளுக்கு நடுவே புகை தெரிந்தது. யேசுதாஸ் இந்த முறை பீடியை மறைக்கவில்லை.

"நின்னா காலு கொல்லுது. உக்காரணும்னா இழுக்கணும். நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க டீச்சர்."

மறுபடியும் வகுப்பு

அடுத்த வருஷம் வேறு மாணவர்கள் வந்தார்கள். யேசுதாஸ் அதே பெஞ்சுக்கு ஊன்றுகோலோடு வந்தார். ஒரு முழங்காலுக்குக் கீழே வேட்டி வெறுமனே தொங்கியது. இப்போது ஸ்டோரில் பெண்களோடு உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிக்கிறார். நான் பாடத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றபோது அவரே பேசினார்.

"இப்ப பீடியே தொடுறதில்ல டீச்சர். சும்மா உக்காந்திருந்தாலும் யாரும் எந்திரின்னு சொல்றதில்ல."

புகையிலையைப் பற்றி நான் படித்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது; கங்காணியிடம் மழையைத் தவிர வேறு எதையாவது பேசுவது எப்படி என்பதுதான் எந்தப் பாடத்திலும் இல்லை.