பெரியப்பாவுக்கு ஒரு நாள்

பெரியம்மா வீட்டில் அந்தப் படம் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. தலை சீவ வருகிறவர்கள் பெரியப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர முடியும். கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. வெள்ளைச் சட்டை, நாற்காலியின் முதுகில் ஒரு கை, மணிக்கட்டில் ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்த கடிகாரம். வயது இருபத்திரண்டு இருக்கும். யுத்தத்தில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடவென்று ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றிப் போனவர்களில் அவரும் ஒருவர். திரும்பி வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. ஆகவே பெரியம்மாவைப் பொறுத்தவரை அவர் உயிரோடு இருந்தார். செத்தவர்களின் படங்கள் சாமி மேடைக்கு மேலே பொட்டும் மாலையுமாக வரிசையாக இருந்தன. அந்த வரிசையில் இவரைச் சேர்க்கப் பெரியம்மா விட்டதில்லை. "போனவரு வந்து நிக்கிறப்ப நெத்தி வெறுமையா இருந்தா என்னா நெனைப்பாரு?" என்பார். நாற்பது வருடத்துக்கு மேல் குங்குமம் வைத்துக்கொண்டார். தோட்டத்தில் அதைப் பற்றிப் பேசாத பேச்சில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

எண்பதுகளின் நடுவில் நான் கோலா சிலாங்கூரில் ஒரு சிறிய கலைக் கழகத்தில் கிராணியாக இருந்தேன். தட்டச்சு அடிப்பேன், ஆள் குறைந்தால் தேநீரும் போடுவேன். கழகத்தின் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. மரியாதையாகப் புவான் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறோம், ஒருத்தர் வீட்டை ஒருத்தர் எட்டிப் பார்த்ததில்லை என்பது அவருடைய பெரிய ஆதங்கம். எல்லா இனத்தார் வீட்டுப் பழம்பொருள்களையும் ஒரே மண்டபத்தில் வைத்து எல்லாரையும் வரவழைக்க வேண்டும் என்று ஆறு மாதம் அலைந்தார். கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களிலிருந்து பாயும் பாக்குவெட்டியும் வந்தன. மீன்பிடிக் கிராமத்துச் சீனர்கள் தராசு கொடுத்தார்கள். நம் ஆட்களிடம் கேட்டால் சிரித்தார்கள். "நம்மகிட்ட என்னா லா இருக்கு, பால் வெட்டுற கத்தியும் வாளியுந்தான்" என்றார் தோட்டத்தில் வேலை வாங்கும் ஒரு மண்டோர். படங்கள் கேட்கலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். பெரியம்மாவிடம் போய்க் கேட்டவளும் நான்தான்.

அவர் உடனே தரவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது படத்தைத் துடைத்து, பழைய சேலையில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். "நாலு ஊரு ஆளுங்க வருவாங்கன்னு சொன்னியே. சயாமுக்குப் போயி வந்தவன் எவனாச்சும் பாத்தா மூஞ்சிய அடையாளம் சொல்லுவான் இல்ல? அதுக்குத்தான் குடுக்குறேன்" என்றார். சொல்லுவார்கள் பெரியம்மா என்றேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. படம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. தோட்டங்களிலிருந்து வந்த மற்ற நாலு படங்களும் செத்தவர்களுடையவை, வீட்டிலிருந்தே மாலையோடு வந்தவை. நான் பெயர் அட்டைகளை அடித்து எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனபோது பெரியப்பா கழுத்திலும் ஒரு மல்லிகை மாலை தொங்கியது. புவான் தம் கைக்காசில் வாங்கி வந்திருக்கிறார். "இவருக்கு மட்டும் பூ இல்லை, பாவம்" என்று மலாயில் சொல்லிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். உயிரோடு இருப்பவர் படத்துக்கு நாம் மாலை போடுவதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையை நீட்டினால் எட்டும் உயரம்தான், நானே கழற்றியிருக்கலாம். சிறப்பு விருந்தினரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது என்று பிற்பாடு எல்லாரிடமும் காரணம் சொன்னேன். அது பொய். கார் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பெரியப்பா செத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இது யாருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

தோட்டத்துப் பெண்களோடு பெரியம்மா லோரியில் வந்து இறங்கினார். பொங்கலுக்கு எடுத்த சேலை, பெரிய குங்குமப் பொட்டு. நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கூட வந்த பெண்கள் மாலையைப் பார்த்துவிட்டு அவர் நெற்றியைப் பார்த்தார்கள். புவான் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். "பாகுஸ், புவான்" என்று பெரியம்மா தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"அவங்களுக்குத் தெரியாது பெரியம்மா."

"அவங்களச் சொல்லல. ஒனக்குந் தெரியாதா?"

பெரியம்மா அழவில்லை, ஏசவில்லை. சீனர் வீட்டுத் தராசையும் கம்பத்துப் பாயையும் மற்றவர்களோடு சேர்ந்து பார்த்தார், கொடுத்த பலகாரத்தைத் தின்றார், லோரி ஏறிப் போனார். கண்காட்சி ஒரு வாரம் நடந்தது. நல்ல கூட்டம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து இவரைத் தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மாலையை எடுத்துவிட்டு, கண்ணாடியை நன்றாகத் துடைத்திருந்தேன். கதவைத் திறந்த பெரியம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. படத்தை நீட்டினேன்.

"மாலை எங்க?"

"கழட்டிட்டேன் பெரியம்மா."

"அன்னைக்குக் கழட்டல, இப்ப எதுக்குக் கழட்டுன? ஊரே பாத்தாச்சி." படத்தை வாங்கிச் சாமி மேடைப் பக்கம் கொண்டுபோனார். ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. "செத்த நாளு தெரியாத ஆளுக்கு எப்பப் படையல் போடுறதுன்னு யாருக்கும் சொல்லத் தெரியல. நீங்க மாலை போட்ட தேதியே இருக்கட்டும். வருசா வருசம் வந்து சாப்புட்டுப் போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொந்தக்காரியை விருந்துக்குக் கூப்பிடுவது போலத்தான் சொன்னார். அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அவர் இருந்தவரை போய்ச் சாப்பிட்டேன். இப்போது அந்தப் படையலை என் வீட்டில் நான் போடுகிறேன். அந்தத் தேதியில்தான் படத்திலிருக்கும் தாத்தா செத்தார் என்று என் பிள்ளைகள் நம்புகிறார்கள். "எப்படிம்மா செத்தாரு?" என்று சின்னவள் ஒருமுறை இலையில் உட்கார்ந்துகொண்டே கேட்டாள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டுச் சோறு வைத்தேன்.