ஸாப் என்கிற பெரும்புள்ளி

பூட்டு ரிப்பேர் செய்கிறவருக்கும் திருடனுக்கும் ஆயுதம் ஒன்றுதான். எங்கள் தொழிலும் அந்த ரகம்தான், என்ன, உள்ளே நுழைவதற்கு முன்னால் நாங்கள் சொந்தக்காரரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வோம்.

வெப்சைட்டுகளில் எங்கே ஓட்டை இருக்கிறது, எவன் எந்த வழியாக உள்ளே வருவான் என்று முன்கூட்டியே நுழைந்து பார்த்துச் சொல்கிற வேலை. திருவானைக்காவலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நானும் யாஸ்மினும் இதைச் செய்கிறோம். நான் ஸ்ரீரங்கம், அவள் பாலக்கரை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் எனக்கு ரசம் தொண்டையில் நிற்கும். உண்மையைச் சொன்னால் நகையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். "கம்ப்யூட்டர்" என்று சொன்னால் அவர்கள் வீட்டுப் பிரிண்டரைப் பார்க்க வரச் சொல்வார்கள். சொந்த வேலையை வாயால் விளக்க முடியாத சகபாவிகளே, இது உங்களுக்காக.

ஒரே கடைச் சாமான்

காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார் பெரியசாமி அண்ணன். அவர் மகள் கோமதி எம்.சி.ஏ. முடித்தவள். சில்லறைக் கடைக்காரர்கள் காலையில் போன் போட்டுக் கத்தாமல், மொபைலிலேயே ஆர்டர் போடுவதற்காக ஒரு வெப்சைட்டைத் தானே எழுதியிருந்தாள். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் போய் நின்றதும் அண்ணன் எங்கள் கையைப் பார்த்தார். பிளம்பர் வந்தால் பை இருக்கும், எலக்ட்ரீஷியன் வந்தால் டெஸ்டர் இருக்கும், இந்தப் பெண்கள் வெறுங்கையோடு வந்திருக்கிறார்களே என்று அவருக்குக் குறை. கருவிகளெல்லாம் லேப்டாப்புக்குள் இருக்கின்றன, உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி ஊருக்கே பொதுவில் வைத்தது, ஓப்பன் சோர்ஸ் என்று பெயர், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன். யாஸ்மின் இன்னும் உற்சாகமாகி, "மூடி வச்ச சமையக்கட்டு இல்லண்ணே. உள்ள போயி என்ன போட்டிருக்காங்கன்னு பாத்துட்டே சாப்பிடலாம்" என்றாள்.

அண்ணன் கையிலிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தார். "யாரு வேணா எடுத்துக்கலாம்னா, திருடனும் எடுத்துக்கலாமா?" என்றார். எடுத்துக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப அவனும் நீங்களும் ஒரே கடையிலதான் சாமான் வாங்குறீங்க. அவன் வர்றதுக்குள்ள சீக்கிரம் ஆரம்பிங்கம்மா!"

பழையபடி போன்

வேலை தொடங்கிய அன்றே எனக்கு ஒரு தர்மசங்கடம் வந்து சேர்ந்தது. அண்ணன் மகளுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கோமதிக்கு மண்டியில் உட்கார ஆசை. வேறு வேலைக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை. அவருக்கோ, பொட்டைப்பிள்ளை வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்காருவதா என்று தயக்கம். வெப்சைட் நன்றாக இருந்தால் அவள் கல்லாவில் உட்காரலாம், இல்லையென்றால் பெங்களூரில் அத்தை வீட்டில் தங்கி வேலை தேட வேண்டியது என்று பேச்சு.

அதாவது நாங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் அந்தப் பெண் பெங்களூர் பஸ் ஏறுவாள். எந்த வெப்சைட்டுக்கும் "ஓட்டையே இல்லை" என்று எழுதிக்கொடுக்க எங்கள் தொழிலில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. டாக்டர் யாரையாவது "உங்களுக்கு இனிமேல் சளியே பிடிக்காது" என்று சொல்லி அனுப்புவாரா? இதை அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. ஓட்டை இருக்குன்னு எழுதுனீங்கன்னா பழையபடி போன்தான், இல்லேன்னு எழுதுனீங்கன்னா கல்லா, நடுவுல எதுவும் எழுதிராதீங்க" என்றார்.

போர்டு

பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்க ஒரு கருவி உண்டு. உலகத்து மக்கள் வழக்கமாக வைக்கிற பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். வெள்ளைக்காரர்களின் நாய்ப் பெயர், பந்து விளையாடும் கிளப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். திருச்சிக்கு அது உதவாது. அதனால் யாஸ்மின் எங்கள் ஊருக்கென்று தனியாகப் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஸ்ரீரங்கத்து வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் பெருமாள் பெயரிலேயே திறந்துவிடுவார்கள்.

அண்ணனின் பாஸ்வேர்டு மட்டும் எதற்கும் மசியவில்லை. பரவாயில்லையே, கெட்டிக்காரர் என்று மெச்சிக்கொண்டே மண்டி மாடியிலிருந்து டீ குடிக்கப் படியிறங்கினோம். வாசலில் மண்டியின் போர்டு. அதில் அண்ணனின் போன் நம்பர் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தது. யாஸ்மின் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். திரும்ப மேலே ஏறிப் போட்டுப் பார்த்தால் கதவு திறந்துகொண்டது. அதே நம்பர் லோடு ஆட்டோவின் முதுகிலும் இருந்தது, மஞ்சள் பையிலும் இருந்தது, தினக் காலண்டரிலும் இருந்தது. அண்ணே, பாஸ்வேர்டை இப்படி ஊரறிய வைக்கலாமா என்று கேட்டதற்கு அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "மறந்துரக் கூடாதுன்னுதானம்மா பெயிண்டர கூப்ட்டு எழுதி வச்சிருக்கு!"

தூணுக்குப் பின்னால்

பெரியசாமி அண்ணன் மண்டியில் விலையைப் பலகையில் எழுதுகிற வழக்கம் கிடையாது. வருகிற கடைக்காரர் தோளில் கையைப் போட்டுத் தூணுக்குப் பின்னால் கூட்டிப் போவார். காதில் ஒரு விலை சொல்வார். அவரும் "நமக்குத்தான் குறைச்சல்" என்ற பூரிப்போடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். அடுத்தவருக்கும் அதே தூண், வேறு விலை, அதே பூரிப்பு. மண்டியின் ஒற்றுமையே இந்தத் தூணில்தான் நிற்கிறது.

அப்பாவின் இந்த ஏற்பாட்டைக் கோமதி அப்படியே வெப்சைட்டிலும் செய்திருந்தாள். ஒவ்வொரு கடைக்காரரும் உள்ளே வந்தால் தன் விலை மட்டும் தெரியும். யாஸ்மின் திரையில் மேலே அட்ரஸ் இருக்கிற இடத்தில் கடைசி எண்ணை ஒன்று கூட்டித் தட்டினாள். அடுத்த கடைக்காரரின் விலை வந்தது. இன்னும் ஒன்று கூட்டினாள். அதற்கடுத்தவரின் விலை வந்தது. தக்காளிக்கே மார்க்கெட்டில் கைகலப்பு வந்துவிடும் போலிருந்தது.

கோமதிக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது. நன்றாகப் படிக்கிற பெண் ஒரு இடத்தில் சறுக்கினால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு மனசு வராது. அன்று சாயங்காலத்துக்குள் அவளே அதைச் சரிசெய்துவிட்டாள். ஆனாலும் கண்டுபிடித்ததை நாங்கள் எழுதித்தானே ஆக வேண்டும்? அவளைத் தேற்றுவதற்காக யாஸ்மின் தன்னாலான ஆறுதலைச் சொன்னாள். "விடு புள்ள. ஒங்கப்பா தூணுக்குப் பின்னாடி சொன்னத நீ மைக்குல சொல்லிட்ட, அவ்வளவுதான்."

டிக்கெட்

அடுத்த நாள் வேலை முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவில்லை. கோமதி போன் செய்தாள். புதிதாக ஏதாவது மாட்டியதா என்று பதற்றம். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று நானும் கொஞ்சம் உரக்கவே பேசினேன். "பின்பக்கக் கதவு சும்மா சாத்தியிருந்துச்சு, தள்ளுனதும் தெறந்துருச்சு. உள்ள போயிட்டேன். கடைக்காரங்க பேரு, வீட்டு அட்ரஸு எல்லாம் கெடைச்சுருச்சு. சேச்சே, யாரும் பாக்கல. நாளைக்கு யாஸ்மினும் வருவா, ரெண்டு பேருமா சேந்து மிச்சத்த முடிச்சுருவோம்."

போனை வைத்தபோதுதான் பஸ்ஸே நிசப்தமாக இருப்பது உறைத்தது. பக்கத்து சீட் மாமி கழுத்துச் சங்கிலியைப் புடவைக்குள் விட்டு, அதன்மேல் தலைப்பை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். முன் சீட்டுக்காரர் தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார். "நான் வெப்சைட்…" என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்கத் தயாராக இல்லை. கண்டக்டர் மெதுவாக வந்து கம்பியைப் பிடித்தபடி குனிந்தார். "மேடம், ஸ்ரீரங்கத்துக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? இன்னிக்கு கோயில்ல கூட்டம் ஜாஸ்தி, போலீஸும் ஜாஸ்தி, சொல்லிட்டேன்."

தெருவுக்கே பெயர்

எங்கள் கருவிகளிலேயே அடக்கமானதும் ஆபத்தானதும் ஸாப் என்பதுதான். ஒரு வெப்சைட்டைக் காட்டிவிட்டால் போதும், பக்கம் பக்கமாகப் போய் இருக்கிற பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்க்கும். எங்கேயாவது காலிக் கட்டம் இருந்தால் அதில் தன் பெயரையே எழுதிவிட்டு மேலே போகும். அதனால் இதை உண்மையான வெப்சைட்டில் ஏவக் கூடாது. அதைப்போலவே ஒரு நகல் செய்து, அதில்தான் ஏவ வேண்டும். கோமதியும் அழகாக ஒரு நகல் செய்து கொடுத்திருந்தாள். இரண்டின் அட்ரஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாஸ்மின் நகலுக்குப் பதில் அசலின் அட்ரஸை எடுத்து ஒட்டிவிட்டாள். அன்று திருவானைக்காவல் மாடியிலிருந்தே ஏவிவிட்டு இரண்டு பேரும் சாப்பிடப் போய்விட்டோம்.

திரும்பி வந்தால் அண்ணனின் போன். குரலில் அப்படி ஒரு குதூகலம். அதுவரை கடைக்காரர்கள் யாரும் வெப்சைட் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, பழையபடி போனில்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கோ ஒரே ஆள் கடையில் இருக்கிற அத்தனை காயையும் ஆர்டர் போட்டிருக்கிறார். முருங்கைக்காய் முதல் கொத்தமல்லிக் கட்டு வரை, அதுவும் திரும்பத் திரும்ப. லோடு ஆட்டோவில் ஏற்றி, ஆளைத் தேடித் தில்லைநகருக்கும் அரியமங்கலத்துக்கும் அனுப்பியும் விட்டாராம். பக்கத்து மண்டிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, என் பொண்ணு பிடிச்ச பார்ட்டி என்று பெருமை வேறு.

யார் அண்ணே அது என்று கேட்டேன். "ஸாப்னு ஒருத்தரும்மா. ஆளு பேரும் ஸாப், கடை பேரும் ஸாப், தெருப் பேரும் ஸாப். தெருவுக்கே தன் பேர வச்சிருக்கான்னா எவ்வளவு பெரிய புள்ளியா இருப்பான் பாத்துக்க!"

கொத்தமல்லி

அடித்துப் பிடித்துக்கொண்டு மண்டிக்கு ஓடினோம். வழியெல்லாம் யாஸ்மின் "அல்லாவே, அல்லாவே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் போய்ச் சேரவும், ஊரெல்லாம் ஸாப்பைத் தேடிக் களைத்த லோடு ஆட்டோ திரும்பி வரவும் சரியாக இருந்தது. வாய் திறந்தால் கோமதியின் கதை முடிந்தது. திறக்காவிட்டால் ஆட்டோ திரும்பவும் தேடப் போய்விடும். நான் தவித்துக்கொண்டு நின்றேன்.

கோமதி முந்திக்கொண்டாள். "அப்பா, ஸாப்னு ஆளே கெடையாது. அது இவங்க மெஷினு. தப்பான எடத்துல ஓடிருச்சு. ஆனா, பேரும் ஊரும் நெசமான்னு கேக்காம ஆர்டர எடுத்துக்கிட்டது என் வெப்சைட்டு. அந்த ஓட்டை என்னுது." பக்கத்து மண்டிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தோளிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஆட்டோவில் கொத்தமல்லி தலை சாய்க்க ஆரம்பித்திருந்தது. கோமதி அதைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, போனை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு ஆர்டரிலும் எல்லாக் காயும் இருந்ததால், ஒரு மெஸ்ஸுக்கு சாம்பார், கூட்டு, பொரியல், ரசம் அத்தனைக்கும் ஒரே சுமையில் அடங்கிவிடும். பிரிக்க வேண்டாம், பொறுக்க வேண்டாம், இப்பவே வந்து தூக்கிட்டுப் போங்க என்று மெஸ்காரர்களுக்கு வரிசையாகப் போன் போட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். மூன்றாவதாக வந்தவர் சுமை தீர்ந்துவிட்டது என்றதும் கோபித்துக்கொண்டார். தினமும் இப்படியே கட்டி வையுங்கள், வெப்சைட்டிலேயே சொல்லிவிடுகிறேன் என்று சண்டை பிடித்துவிட்டுப் போனார்.

அண்ணன் காலி ஆட்டோவை ஒருமுறை சுற்றி வந்தார். எங்கள் ரிப்போர்ட்டை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவே இல்லை. மகளைக் கல்லாப் பக்கம் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "ஓட்டை இருந்தா வெப்சைட்டையே மூடிரலாம்னுதாம்மா இருந்தேன். ஆனா இல்லாத ஆளு கேட்ட சரக்க, இருக்குற ஆளுக்கு வித்துட்டா பாரு, இவளப் போயி எவன் பெங்களூருக்கு அனுப்புவான்?"

ஆக சகபாவிகளே, ஒழுங்காக வேலை செய்தால் பக்கத்து சீட் மாமி சங்கிலியை ஒளித்துக்கொள்வார், சொதப்பினால் ஊரே வாழ்த்தும் என்பதுதான் எங்கள் தொழிலின் நீதி.