ஏலக்கார இஷாக்கின் கிட்டார்

திண்டுக்கல் வெங்காயச் சந்தையில் இஷாக் ஏலம் கூறினால், பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள்கூட அன்றைய சின்ன வெங்காய விலையைத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் வீட்டிலும் அவருக்கு அதே குரல்தான். சாப்பிடும்போது உப்புக் கேட்டால் எதிர் வீட்டில் உப்பு ஜாடியைத் தேடுவார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியதும் அந்தக் குரல் ஒருநாள் நின்றுபோனது. மதுரையில் தொண்டை டாக்டரிடம் காட்டினார்கள். கத்திக் கத்திக் குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது, பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் அவர். எவ்வளவு நாளைக்கு என்று கேட்க இஷாக் வாயைத் திறந்தார். டாக்டர் விரலை உதட்டின்மேல் வைத்து, நான் சொல்கிற வரை என்றார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். இஷாக்கின் மனைவி பக்ருன்னிசா, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடுகிற சத்தத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

அந்த நிம்மதி நெடுநாள் நிலைக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டும் செயலி ஒன்றை யாரோ இஷாக்கின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குச் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். இஷாக் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு தட்டுவார். "குழம்பில் புளி அதிகம்" என்று போன் சொல்லும். "மீனைத் திருப்பிப் போடவும்" என்று சொல்லும். முன்பின் தெரியாத ஒருத்தி தன் அடுப்படியில் நின்று குறை சொல்வதைப் பக்ருன்னிசாவால் பொறுக்க முடியவில்லை. மகள் ருக்ஸார் காலேஜில் படிக்கிறபோது ஆசைப்பட்டு வாங்கி, ஒரே மாதத்தில் அலுத்துப்போய், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும்போது பீரோ மேல் போட்டுவிட்டுப் போன கிட்டார் ஒன்று இருந்தது. அதைத் துடைத்துக் கொண்டுவந்து கணவரின் மடியில் வைத்தார்.

"இதத் தட்டிக்கிட்டுக் கெடங்க. அடுப்படிப் பக்கம் வராதீங்க."

யூடியூபில் எந்த வாத்தியாரைத் திறந்தாலும் இது ரொம்ப சுலபம் என்றுதான் ஆரம்பித்தார். இஷாக் இடது கை விரல்களால் கம்பிகளை அழுத்தி, வலது கையால் மீட்டினார். ஒரு கம்பி கொர்ரென்றது, ஒன்று டப்பென்றது, மற்றவை வாயே திறக்கவில்லை. விரல் நுனிகளில் கம்பி பதிந்து பள்ளம் விழுந்ததில், போனைத் திறக்க வைத்திருந்த விரல்ரேகை அவருடையது இல்லை என்று போனே சொல்லிவிட்டது. சுருதி சேர்க்கிறேன் என்று முறுக்கியதில் ஒரு கம்பி அறுந்து தாடையில் அடித்தது. சந்தையில் கோபம் வந்தால் ஒரு சத்தம் போடுவார், அதோடு போய்விடும். இப்போது கோபம் தொண்டை வரை வந்து, வழி அடைத்திருப்பதைப் பார்த்து, திரும்பி வயிற்றுக்கே போனது.

நாகல்நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பிராங்கிளின் என்ற இளைஞர் கிட்டார் வகுப்பு நடத்திவந்தார். சர்ச்சில் வாசிப்பவர். இஷாக் அவரிடம் போனார். கம்பியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, இதை வைத்துத் தன்னாலேயே வாசிக்க முடியாது என்று பிராங்கிளின் சொன்னதும் இஷாக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புதுக் கம்பி போட்டார்கள். அதன் பிறகு குற்றம் சொல்ல இஷாக்குக்குத் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லாமல் போயிற்று.

சில கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற பிடிக்குக் கார்டு என்று பெயர். சி என்ற கார்டைப் பிடித்துவிட்டார். அங்கிருந்து ஜி கார்டுக்கு விரல்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் திண்டுக்கல்லில் பஸ் ஏறியவன் செம்பட்டியில் இறங்கிவிடலாம். வகுப்பில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் இவருக்காகக் காத்திருந்து கொட்டாவி விட்டார்கள்.

"அவசரப்படாதீங்க பாய். மொதல்ல வெரலு எடத்துல போய் உக்காரட்டும். சத்தம் பொறவு தானா வரும்" என்றார் பிராங்கிளின்.

இஷாக் போனில் தட்டினார். "என் விரல் என் பேச்சைக் கேட்பதில்லை" என்று அந்தப் பெண் குரல் கம்பீரமாக அறிவித்தது. வகுப்பே சிரித்து உருண்டது. அன்று சாயங்காலமே இஷாக் கிட்டாரைப் படம் எடுத்து, விற்பனைக்கு என்று இணையத்தில் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாமி என்பவர் அதை வாங்க வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். புதிதாகக் கற்றுக்கொள்ள ஆசை. கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாசிச்சுக் காட்டுங்க பாய். சத்தம் எப்படின்னு கேட்டுக்கிறேன்."

இஷாக் தயங்கினார். ஆனால் வாங்க வந்தவன் முன்னால் சரக்கை மோசமாகக் காட்டி அவருக்குப் பழக்கமில்லை. சந்தையில் மூட்டையைப் பிரித்து ஒரு கை வெங்காயத்தை அள்ளிக் காட்டும்போது சரக்கையா பார்ப்பார்? வாங்குகிறவன் முகத்தைத்தான் பார்ப்பார். இப்போதும் அப்படியே, மலைச்சாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மீட்டினார். சி வந்தது. ஜி வந்தது. மறுபடி சி. கொர்ரும் இல்லை, டப்பும் இல்லை. மலைச்சாமியின் தலை மெல்ல ஆடியது. பக்ருன்னிசா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார்.

கடைசியில்தான் இஷாக் தன் விரல்களைக் குனிந்து பார்த்தார். யாருடையவோ என்பதுபோல் பார்த்தார்.

மலைச்சாமிக்குப் பிடித்துவிட்டது, எடுத்துக்கொள்கிறேன் என்றார். இஷாக் கிட்டாரை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கையால் போனில் தட்டினார். "மன்னிக்கவும். இது விற்பனைக்கு இல்லை" என்றது பெண் குரல்.

மலைச்சாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். "யாரு பாய் பேசுறது?" விஷயம் விளங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. "பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் வந்துருக்கேன். இப்பப் போயி இல்லைன்னா எப்படி?"

"செத்த உக்காருங்க தம்பி, சாப்ட்டுப் போகலாம்" என்றார் பக்ருன்னிசா. "பாவம், அவரு கூறுன ஏலத்துல அவரே எடுத்துட்டாரு."

மட்டன் குழம்பு மலைச்சாமியைப் பாதி சமாதானப்படுத்தியது. மீதிக்கு, இஷாக் அவரை வண்டியில் ஏற்றிப் பிராங்கிளினிடம் கொண்டுபோய் விட்டார். பிராங்கிளினிடம் பழைய கிட்டார் ஒன்று கிடைத்தது. மலைச்சாமியும் அந்த வகுப்பிலேயே சேர்ந்துகொண்டார்.

மறுநாள் இஷாக்குக்கு ஜி கார்டு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஆனால் ஒருமுறை வந்த விருந்தாளி வழி தெரிந்தவன், திரும்ப வருவான் என்று அவர் உட்கார்ந்துகொண்டார். அப்படியே வந்தது. டாக்டரும் ஒருவழியாகப் பேச அனுமதித்தார். குரல் பழையபடி இல்லை, மெத்தென்று வந்தது. சந்தையில் மைக் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால், என்ன சொன்னீங்க என்று பக்ருன்னிசா இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது.

அடுத்தது எஃப் கார்டு. ஒற்றை விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். கற்றுக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் அதோடு கிட்டாரை மூட்டை கட்டிவிடுவார்கள் என்று பிராங்கிளின் முன்பே எச்சரித்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்த இஷாக்குக்கு அது தெளிவாக ஒலித்தது. உடனே மலைச்சாமியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார். மலைச்சாமி நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாரேன், நேரில் காட்டுங்கள் என்றார், சொன்னபடி வந்தார்.

இஷாக் விரலைப் படுக்கப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டினார். டப். மறுபடி மீட்டினார். டப். மலைச்சாமி தன் கிட்டாரில் முயன்றார், அதுவும் டப். மதியம் வரை இருவரும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார்கள். பிறகு மலைச்சாமி கையை உதறிவிட்டு, சுவரில் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"எஃப் வந்துருச்சுன்னு நீங்க போன்ல சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல பாய். இப்பத்தான் மனசு ஆறுச்சு."