பரக்கத்து, ரெண்டு, மூணு

நான் பள்ளிக்கூடத்தில் சேரவேண்டிய வருடம், வாப்பா கொழும்பிலிருந்து எண் கற்றுத்தரும் படப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். வழுவழுப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வர்ணம். ஒன்றுக்கு ஆப்பிள், இரண்டுக்குப் பனிக்கரடி. பெரியபட்டினத்துப் பிள்ளையான நான் இரண்டையும் கண்டதில்லை. எண்ணச் சொன்னால், கரடி கடிக்குமா என்று கேட்பேன்.

"பத்து வரைக்கும் எண்ணத் தெரியாத புள்ளைய எப்படிச் சேப்பாங்க? அடுத்த வருசம் பாப்போம்" என்றார் வாப்பா.

இதைக் கேட்டு என்னைவிட அதிகமாக முகம் வாடியவள் ராத்தா, என் அக்கா. பெரியவளானதும் படிப்பை நிறுத்தி அவளை வீட்டோடு வைத்துவிட்டார்கள். நான் சேர்ந்தால் தினமும் கொண்டுபோய் விடுவது அவள் பொறுப்பு என்று உம்மா சொல்லியிருந்தாள். தங்கச்சி மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளே ராத்தா பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைய உட்கார்ந்தாள். அடுப்புக்கரி, மஞ்சள், துணிக்குப் போடும் நீலம், இவைதான் வர்ணங்கள். ஒன்றுக்குக் குவித்து அளந்த ஒரு படி அரிசி. மூன்றுக்கு அடுப்புக் கட்டிகள். எட்டுக்கு, எட்டுக் கைகளையும் விரித்த பேய்க்கணவாய். பத்துக்கு ஒரே ஒரு நண்டு. கொடுக்குகளையும் சேர்த்தால் கால் பத்து. அந்த நண்டு தாளை விட்டு இறங்கி ஓடிவிடும் போல இருக்கும். வலை நூலால் தைத்து அவள் என் கையில் கொடுத்த புத்தகத்தை நான் இரண்டே நாளில் கரைத்துக் குடித்துவிட்டேன்.

சேர்க்கும் நாளில் வாப்பா என்னை உள்ளே அழைத்துப் போனார். வெள்ளைத் துப்பட்டியால் போர்த்திக்கொண்டு ராத்தா வாசலில் நின்றாள். வாத்தியார் என் கையிலிருந்த ராத்தாவின் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, "இது எத்தனை?" என்றார்.

"பரக்கத்து" என்றேன்.

வாப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் அரிசி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று எண்ணும் வழக்கமில்லை. அள்ள அள்ளப் பெருகட்டும் என்று, பரக்கத்து என்றுதான் தொடங்குவோம். எனக்குத் தெரிந்த எண் அதுதான். வாத்தியார் மறுபடி கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன். வாசலில் ராத்தா துப்பட்டியின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். படி அரிசியை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "எங்க களத்துலயும் மொத மரக்காலை லாபம்னுதான் சொல்லுவோம். மிச்சத்தச் சொல்லு, தாயி."

நண்டின் கடைசிக் கால் வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னேன். யார் வரைந்தது என்று கேட்டார். நான் வாசலைக் காட்டினேன். ராத்தாவைப் பார்த்துவிட்டு, என் பெயரைப் பதிவேட்டில் எழுதினார்.

அன்றிலிருந்து ராத்தா என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில், மணி அடிக்கும் வரை நிற்பாள். நாங்கள் பாடத்தை உரக்கச் சொல்லும்போது அவள் உதடுகளும் அசையும்.

"ஏன் இம்புட்டு நேரம்?" என்று உம்மா கேட்டால், "இவ இன்னும் அழுகுறா உம்மா. நான் அங்கன நின்னாத்தான் இருப்பா" என்பாள்.

நான் முதல் வாரத்திலேயே அழுகையை நிறுத்திவிட்டேன். பொய் பேசக்கூடாது என்று என்னை ஓயாமல் அதட்டும் ராத்தா, இதை மட்டும் ஏன் தினமும் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.