குவித்துப் போட்ட கரண்டி

இரண்டு வயது முடிந்தும் என் மகன் நடக்கவில்லை. தூங்கும்போது அவன் மூச்சு அடைக்கும், நிற்கும், பிறகு திடுமென இழுக்கும். நடுவில் நின்ற அந்த நேரம் முழுக்க நானும் மூச்சுவிட மாட்டேன். எழுபத்திரண்டாம் வருஷம் அது. பாப்பாரப்பட்டியில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பதை நெருங்கும்போது பிறந்தவன் அவன்.

அவனுக்கு முன் ஒரு பெண் பிறந்தாள். வயிற்றுப்போக்கில் வற்றி, சவலையாகி, பதினோராம் மாதம் போய்விட்டாள். கடைசியில் அவள் கை என் சுண்டுவிரல் தடிமன்தான் இருந்தது. அதனால் இவன் கையில் மடிப்பு விழுந்தபோது எனக்கு உயிர் வந்தது. பால் பவுடர் டப்பாவில் கரண்டியைத் தலைதட்டிப் போடச் சொல்லி எழுதியிருந்தது. படித்தேன். குவித்தே போட்டேன். அதற்கு மேல் சர்க்கரை வேறு. அவன் முகத்தைத் திருப்பினாலும் புட்டி காலியாகும்வரை விடமாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, இது புள்ளையா, சந்தைக்கு ஏத்தற பூசணிக்காயா?"

சிரித்துவிட்டு உள்ளே போய் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து அவனை வாசலில் விடவில்லை. நான் பள்ளிக்குப் போனால் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். அவளிடமும் தூளியிலிருந்து இறக்காதே என்று சொல்லி வைத்தேன்.

ஒரு காலையில் சளி முற்றி அவன் உதடு கறுத்தது. நானும் கணவரும் பஸ் பிடித்து தர்மபுரிக்கு ஓடினோம். டாக்டரம்மா ஊசி போட்டார். மூச்சு கொஞ்சம் சீரானதும் கேட்டார்.

"என்ன குடுக்கறீங்க?"

குவித்துப் போடுவதையும் சர்க்கரையையும் பெருமையாகவே சொன்னேன்.

"தரையில விடறீங்களா?"

"இல்லீங்க. கண்ணு பட்டுடும்னு..."

அவர் பேனாவை மூடினார். "சளி எறங்கிடும்மா. ஆனா இந்த ஒடம்பத் தூக்கிக்கிட்டு அவன் எப்படி எந்திரிப்பான்? நல்லா மூச்சுதான் வுடுவானா? பால அளவா குடுங்க. எறக்கி வுடுங்க."

திரும்பும் பஸ்ஸில் கணவர் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "படிச்சவதானே நீ. டப்பாவுல போட்டிருந்தத படிக்கலியா?"

"படிச்சேங்க."

மறுநாள் முதல் கத்தியின் முதுகால் கரண்டியை வழித்தேன். அவன் அழுதான். ஒவ்வொரு அழுகையிலும் போய்விட்ட என் பெண்ணின் குரல் கேட்டது. இரண்டு முறை கூடுதலாக ஒரு கரண்டி எடுத்து, மறுபடி டப்பாவில் கொட்டினேன்.

சில வாரம் கழித்து அவனை வாசலில் இறக்கிவிட்டேன். தவழ்ந்து போய்ச் சுவரைப் பிடித்து எழுந்தான். இரண்டடி வைத்தான். பக்கத்து வீட்டுக்காரி முறமும் கையுமாக நின்றுவிட்டாள்.

"அட, பூசணிக்கா நடக்குதுங்க டீச்சரம்மா!"

வாரி எடுக்கத்தான் கை போனது. முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூன்றாவது அடி வைத்தான்.

இப்போது பள்ளிக்கு ஓடுகிறான். தூக்கத்தில் மூச்சு இடறுவதில்லை. ஆனாலும் தட்டில் அவன் ஒரு பிடி சோறு மிச்சம் வைத்தால், இன்றும் அதை உருட்டிக் கையில் எடுத்துவிடுகிறேன். பிறகு ஊட்டிவிடாமல் தட்டிலேயே போட்டு, தட்டைக் கழுவ எடுத்துப் போகிறேன்.